ஆறு ஆண்டுகள், மூன்று பூச்சுகள், ஒரு விறகுச் சூளை

புதுச்சேரியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் விறகுச் சூளை வைத்திருக்கிறேன். செய்வது ஸ்டோன்வேர் எனப்படும், அதிகச் சூட்டில் சுட்ட கெட்டியான பாண்டங்கள், எரிப்பது சவுக்கு, எட்டுவது குயவர்களின் சூட்டு அளவில் கோன் 10, அதாவது ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ். ஆண்டுக்கு நான்கைந்து எரிப்பு. பானையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சூளைக்குள் பானைக்கு அடியில் கிடக்கும் தட்டையும், பானையின் கிளேஸ் (கண்ணாடி மெருகு) ஒட்டாமல் இருக்க அதன்மேல் தடவும் வெள்ளைப் பூச்சையும் யாரும் கண்டுகொள்வதில்லை. என் பணம் போன வழி அதுதான் என்பதால் எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் சிலிக்காத் தூளும் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும் சம அளவில் கலந்து தடவினேன். மலிவு. கேஸ் சூளை வைத்திருக்கும் நண்பருக்கு அது பல ஆண்டுகள் உழைத்தது. எனக்கு மூன்றாவது எரிப்பிலேயே கைவிட்டது. சூளையைத் திறந்தபோது அடுப்புவாய்ப் பக்கத் தட்டுகளில் வெள்ளைப் பூச்சையே காணோம். அந்த இடத்தில் பச்சைக் கண்ணாடி படர்ந்து, ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தொங்கியது. "பனங்கற்கண்டுப் பாகை ஊற்றியது போல இருக்கிறதே, தம்பி" என்றார் உதவிக்கு வரும் அக்கா. ஒரு குவளையைப் பிடித்து இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்தது. குவளை தட்டிலேயே நின்றது.

காரணம் பிறகுதான் புரிந்தது. சவுக்குச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சுண்ணாம்பு தனியாக உருக 2,600 டிகிரிக்கு மேல் வேண்டும், அலுமினியம் ஆக்சைடான அலுமினாவுக்கு 2,072, சிலிக்காவுக்கு 1,710. எந்தக் குயவரின் சூளையும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் 62 பங்கு சிலிக்கா, 23 பங்கு சுண்ணாம்பு, 15 பங்கு அலுமினா என்று மூன்றும் சேர்ந்துவிட்டால் 1,170 டிகிரியிலேயே உருகிவிடும். தனித்தனியே யோக்கியர்கள், கூடினால் கலவரம். சாம்பல் சுண்ணாம்பைக் கொண்டுவந்தது. கயோலினில் அலுமினாவும் சிலிக்காவும் உண்டு என்பதால், மற்ற இரண்டையும் நானே தட்டில் தடவி வைத்திருந்தேன். பூச்சின் உருகுநிலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இது.

அடுத்து, வாளியில் தயாராக வரும், சிர்க்கான் என்ற கனிமம் கலந்த பூச்சு. விலையைக் கேட்டு ஒரு வாரம் யோசித்துத்தான் வாங்கினேன். உருகுவதில் குறை சொல்ல மாட்டேன், சாம்பலை நன்றாகவே தாங்கியது. ஆனால் நான்காவது எரிப்பிலிருந்து செதில் செதிலாக உரிந்தது. மேல்தட்டிலிருந்து விழுந்த துணுக்குகள் கீழே இருந்த கிண்ணங்களின் கிளேஸில் புதைந்து ஒரு வரிசை முழுவதும் வீண். விற்றவரிடம் கேட்டால், "இன்னும் ஒரு கோட் கூடுதலாகக் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். இன்னும் பெரிய செதில்களாக உரிந்தது. தடிப்பு ஏற ஏறப் பூச்சு உரியத்தான் செய்யும் என்று அந்தக் கடையில் யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

கடந்த மூன்று ஆண்டுகளாக என் கலவைதான்: பாதி அலுமினா ஹைட்ரேட் (சுட்டால் அலுமினாவாகும் தூள்), கால் பங்கு சுடாத கயோலின், கால் பங்கு சுட்ட கயோலின். கயோலின் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். சூட்டில் எடையிலேயே 14 விழுக்காடு போய்விடும். அதில் பாதியை முன்கூட்டியே சுட்டுவிட்டால் உரிதல் வெகுவாகக் குறைகிறது. தனியாக அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. கிளேஸ் பூசுவதற்கு முன் பானைகளைச் சுடும் முதல் சுடுதலின்போது ஒரு கிண்ணம் நிறையத் தூளைப் போட்டு மூலையில் வைத்தால் போதும். கலவை மோர்ப் பதத்தில் இருக்க வேண்டும்; தோசை மாவுப் பதம் ஆகாது. தட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டு முறை மெல்லத் தடவுகிறேன். ஓரத்தில் ஒரு விரலகலம் விட்டுவிடுவேன், உதிர்வது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

சூளையின் நடுவிலும் பின்புறத்திலும் இதைவிட நல்ல பூச்சு எனக்குத் தெரியாது. அடுப்புவாயை ஒட்டிய முதல் வரிசையில் மட்டும் இதுவும் தோற்கிறது. மணிக்கணக்கில் சாம்பல் விழும் இடம் அது. என் தட்டுகள் கார்டியரைட் என்ற பீங்கானால் ஆனவை. விரிசல் விட்ட ஒன்றை உடைத்துப் பார்த்தேன். கண்ணாடி மேலே படிந்ததோடு நிற்காமல், பூச்சைக் கடந்து தட்டின் நுண்துளைகளுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருந்தது. சாம்பல் நிற விளிம்பு, அதற்குக் கீழே பழைய வெளிர்மஞ்சள். குளிரும்போது கார்டியரைட் சுருங்குவது மிகக் குறைவு, கண்ணாடி அதைவிடப் பல மடங்கு சுருங்கும். அந்த இழுபறியில்தான் மேலடுக்கு பெயர்கிறது.

ஜெட் என்ஜின்காரர்களுக்கும் இதே தலைவலிதான் என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல். டர்பைன் இறக்கைகளின்மேல், சூட்டைத் தடுக்க, யிட்ரியா கலந்த சிர்க்கோனியா என்ற பீங்கானைப் பூசுகிறார்கள். சூட்டில் விரிந்து சுருங்கத் தோதாக, நெருக்கமாக நட்ட மூங்கில்கள் போல இடைவெளி விட்டே அதை வளர்ப்பதும் உண்டு. என்ஜின் காற்றோடு உறிஞ்சும் மணலும் தூசியும் 1,200 டிகிரி வாக்கில் உருகி அந்த இடைவெளிகளை அடைத்துவிடும். பிறகு என்ஜின் குளிரும்போது நெகிழ இடமின்றிப் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். போதாததற்கு உருகல் யிட்ரியாவையும் கரைத்துக்கொண்டு போய்விடும். இப்போது கடோலினியம் சிர்க்கனேட் என்ற வேறொரு பீங்கானை மேலடுக்காகப் பூசிப் பார்க்கிறார்கள். அது உருகலோடு வினைபுரிந்து, வழியிலேயே படிகமாக உறைந்து, மேற்கொண்டு இறங்கவிடாமல் அடைத்துவிடுகிறது. என் அலுமினாவும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் ஏழைத்தனமாகச் செய்கிறது: உருகலில் கரைந்து அதைக் கெட்டிப்படுத்துகிறது, ஓட்டம் குறைகிறது.

ஒவ்வோர் எரிப்புக்குப் பிறகும் சொட்டுகளைக் கிரைண்டரால் தேய்த்து எடுக்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். கட்டைவிரலுக்குள் போன ஒரு சில்லை எடுக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. தட்டைத் திருப்பிப் போடுவதானால் பழைய பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும். இல்லையென்றால் அது கீழ்த்தட்டுப் பானைகளில் கொட்டும்.

இருபத்து நான்கு தட்டுகளோடு தொடங்கினேன், பதினைந்து மிச்சம். இழந்த ஒன்பதில் ஏழு முதல் இரண்டு பூச்சுகளின் காலத்தவை, இரண்டு என் கலவையின் கணக்கில். இப்போதெல்லாம் முதல் வரிசைக்கு விரிசல் விட்ட தட்டுகளை மட்டும் அனுப்புகிறேன், அவற்றின்மேல் விற்க நினைக்காத ஜாடிகளை வைக்கிறேன். போன மாதம் வந்த ஒருவர் சாம்பல் வழிந்த அந்த ஜாடிகளைத்தான் தேடிப்பிடித்து வாங்கிக்கொண்டு போனார்.