ஜாயின்டரில் பலகையைத் தள்ள எது நல்லது: குச்சியா, ரப்பர் கட்டையா, முட்டு வைத்த கட்டையா?

ஜாயின்டர் என்பது, இரண்டு டேபிள்களுக்கு நடுவே சுழலும் பிளேடு உருளையால் பலகையை நேராக இழைக்கும் மெஷின். அதில் பலகையின் முகத்தை (அகலமான பக்கத்தை) இழைக்கும்போது, பிளேடு சுழலும் உருளைக்கு மேலே வெறுங்கை போகவே கூடாது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. எதை வைத்துத் தள்ளுவது என்பதுதான் கேள்வி.

குச்சியை (புஷ் ஸ்டிக்) முதலிலேயே ஒதுக்கிவிடலாம். டேபிள் சாவில் (மேசை ரம்பத்தில்) அது உதவும். இங்கே தள்ளினால் மட்டும் போதாது, பலகையை டேபிளோடு அழுத்தியும் பிடிக்க வேண்டும். குச்சி வால் முனையை மட்டும் தொடுவதால் பலகையின் முன்பக்கம் எழும்பித் துடிக்கும். பிளேடு பலகையைப் பின்னால் உதைத்துத் தள்ளிவிட்டால், குச்சியோடு கையும் உருளைப் பக்கம் சரியும்.

அடியில் ரப்பர் ஒட்டிய புஷ் பிளாக் நன்றாக அழுத்தும். ஆனால் அதன் பிடிப்பு முழுக்க உராய்வைத்தான் நம்பியிருக்கிறது. ரப்பரில் தூள் படிந்தால் வழுக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும்.

என் தேர்வு, பின்முனையில் முட்டு வைத்த மரக்கட்டை. முட்டு பலகையின் வாலைப் பிடித்துக்கொள்வதால் வழுக்கல் பயம் இல்லை. நீளமான அடிப்பாகம் பலகையை அழுத்தியும் பிடிக்கும். வீட்டிலேயே செய்துகொள்ளலாம்: 30 செ.மீ. நீளம், மேலே உயரமான கைப்பிடி. முட்டின் உயரம் மட்டும் பலகையின் கனத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். கூடினால் கட்டை பலகைமேல் படியாது, முட்டும் பிளேடில் சிக்கும். முட்டைப் பசையால் ஒட்டுங்கள். பிளேடு போகிற வழியில் ஸ்க்ரூ வேண்டாம்.

உண்மையில் இரண்டும் சேர்ந்தால்தான் வேலை சுத்தம். வலது கையில் முட்டுக் கட்டை வாலில், இடது கையில் ரப்பர் கட்டை முன்னால். பலகை உருளைக்கு அந்தப் பக்கம் உள்ள டேபிளில் போதுமான அளவு ஏறியதும், இடது கையைத் தூக்கி உருளையைத் தாண்டி அங்கே வைத்து அழுத்துங்கள். இழைத்த முகம் படிவது அந்த டேபிளில்தான் என்பதால் அழுத்தமும் அங்கேதான் வேண்டும். உருளைக்கு இந்தப் பக்கமே அழுத்திக்கொண்டிருந்தால் முகம் நேராக வராது.

விளிம்பு இழைக்க, அகலமான பலகையை மேலே பிடித்து ஃபென்ஸ் என்ற பக்கத் தடுப்போடு சேர்த்துக் கையாலேயே தள்ளலாம். ஒல்லியான சட்டம் என்றால் கட்டைதான்.

ஒரு ஓட்டத்துக்கு 1 மி.மீ. ஆழம் போதும். 30 செ.மீ.க்குக் குறைந்த துண்டுக்கு எந்தக் கட்டையும் பாதுகாப்பு தராது. நீளமாக இருக்கும்போதே இழைத்துவிட்டு அப்புறம் அறுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கை இழைப்புளியால் முடித்துவிடுங்கள்.