“லைட் எரியுது சார், கீபோர்டுதான் போச்சு”

பழைய ரவுண்டு பின் கீபோர்டு, மவுஸ் வைத்துக்கொண்டு புதிதாக கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணக் கிளம்புகிறவர்கள், சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரயில் ஏறும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயர் போடவில்லை. கேட்காதீர்கள்.

அப்பா விழுப்புரத்தில் டிடிபி சென்டர் வைத்திருந்தவர். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எல்லாம் ஒரே டிவிஎஸ் கோல்டு கீபோர்டில் அடித்தது. மெக்கானிக்கல் கீபோர்டு, தட்டினால் தெருவுக்கே கேட்கும். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய கை, இப்போது வருகிற மெத்து மெத்து கீபோர்டில் ஓடவே மாட்டேன் என்கிறது. அதனால் புது சிஸ்டத்திலும் அதுவேதான் வேண்டும் என்றார். அதன் பின்னோ ஊதா நிற பிஎஸ்/2, அதாவது யுஎஸ்பிக்கு முந்தைய பழைய ரவுண்டு பின்.

போர்டு வாங்கும்போதே கேட்டேன், “அண்ணே, பிஎஸ்/2 போர்ட் இருக்கிற மதர்போர்டு குடுங்க.”

“அதெல்லாம் நின்னு போச்சு சார். எதுலயும் வராது. யுஎஸ்பில மாட்டுற கன்வெர்ட்டர் தர்றேன், 650 ரூபா.”

இது முதல் பொய். எச்610 என்கிற இன்டெல் சிப்செட் வைத்த போர்டுகளிலேயே பலவற்றில் அந்தப் போர்ட் இன்றும் வருகிறது. சிலவற்றில் பாதி ஊதா, பாதி பச்சையாக ஒரே ஓட்டை இருக்கும், கீபோர்டோ மவுஸோ எதையும் செருகலாம். இதை நான் தெரிந்துகொண்டது காசு கொடுத்த பிறகுதான்.

கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று கேட்டதும் கடையில் கிடந்த ஒரு மவுஸை அதில் மாட்டி ஆட்டிக் காட்டினார். அம்பு ஓடியது. நானும் நம்பிவிட்டேன்.

வீட்டில் அப்பா கீபோர்டை மாட்டினால் மூன்று லைட்டும் ஒரு முறை மின்னி அணைந்தது. அதோடு சரி, ஒரு எழுத்து விழவில்லை. மறுநாள் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு திரும்பச் சென்னை. அங்கேயும் அதே மின்னல். “லைட் எரியுது பாருங்க, கன்வெர்ட்டர் பக்கா. கீபோர்டுதான் போச்சு. எக்ஸ்சேஞ்சுல 200 கழிச்சுக்கிறேன், புதுசு எடுத்துக்கோங்க” என்றார். நல்லவேளை, அப்பாவைக் கேட்காமல் கொடுக்க மனசு வரவில்லை.

அந்த லைட்டில்தான் ஏமாற்று இருக்கிறது. பிஎஸ்/2 கீபோர்டு 5 வோல்ட் கிடைத்த உடனே தன்னைத்தானே சோதித்துக்கொண்டு விளக்கை மின்னவிடும். கரண்ட் வருகிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. கம்ப்யூட்டரோடு பேசுகிறது என்று அர்த்தமில்லை. யுஎஸ்பி பேசும் முறையே வேறு, நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் வேண்டும். வீட்டுக்கு வந்து அந்த 650 ரூபாய் கன்வெர்ட்டரை மல்டிமீட்டரில் பார்த்தேன்: நாலு பின்னும் நேராக நாலு பின்னுக்குப் பீப் அடித்தது. கத்தியால் நெம்பித் திறந்தால் உள்ளே வெறும் ஒயர்.

அப்படியானால் கடை மவுஸ் எப்படி ஓடியது? பிஎஸ்/2, யுஎஸ்பி இரண்டும் பேசத் தெரிந்த மவுஸ்கள் சில உண்டு. அவற்றுக்கு இந்த ஒயர் அடாப்டர் போதும். அப்படி ஒன்றைத்தான் டெமோவுக்கென்றே கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தார் போல. உங்கள் சாமானைக் கையோடு கொண்டுபோய் அதையே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால், எதையும் மாட்டாமல் கன்வெர்ட்டரை மட்டும் யுஎஸ்பியில் செருகி விண்டோஸில் டிவைஸ் மேனேஜரை (மாட்டியிருக்கிற சாமான்களின் பட்டியல்) பாருங்கள். சிப் இருந்தால் புதிதாகக் கீபோர்டு, மவுஸ் என்று ஏதாவது வந்து உட்காரும். ஒயர் மட்டும் என்றால் ஒரு அசைவும் இருக்காது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். போர்டிலேயே பிஎஸ்/2 கிடைத்துவிட்டால், சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கிச் செருகாதீர்கள். யுஎஸ்பி மாதிரி அதற்காகச் செய்யப்பட்டதல்ல அது, போர்ட் போனாலும் போகும்.

பணம்? மூன்றாவது முறை போனபோது “பில் இருக்கா சார்?” என்றார். கொடுத்திருந்தால்தானே! சீல் இல்லாத எஸ்டிமேட் துண்டுச் சீட்டு, அதிலும் “அக்சசரீஸ்” என்று ஒரே ஒரு வரி. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கலாம் என்றால், இன்னாரிடம் இன்ன பொருள் வாங்கினேன் என்று காட்டக் கையில் ஒன்றுமில்லை. அங்கே நின்று கத்தியதில் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

கடைசியில் நாலு கடை தள்ளி, ஒரு யுஎஸ்பி, இரண்டு ரவுண்டு சாக்கெட் வைத்த ஒய் கேபிள் 380 ரூபாய்க்குக் கிடைத்தது. கடைக்காரர் லேப்டாப்பிலேயே தனியாகச் செருகிப் பார்த்துத்தான் வாங்கினேன். அப்பா உட்கார்ந்ததும் முதலில் அடித்தது தமிழ் டைப்ரைட்டிங்கின் முதல் பாடமான “யளனக”. ‘ள’ மட்டும் கொஞ்சம் சிக்குகிறது. கும்பாபிஷேக நோட்டீஸ் காலத்து டீ கொட்டியது என்கிறார்.