மாப்பிள்ளைச் சம்பா பாக்கெட்: அரிசிக்குக் குறையில்லை, அட்டைக்குத்தான்

கும்பகோணம் கடைத்தெருவில் வாங்கிய 1 கிலோ பாக்கெட். பின்பக்கம் தமிழில் அரை மணி நேரம் ஊறவைத்து ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் என்று போட்டிருக்கிறது, அதற்குக் கீழேயே ஆங்கிலத்தில் 8 மணி நேரம், ஒன்றுக்கு நான்கு. எத்தனை விசில் என்ற இடத்தின் மேல்தான் விலை ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள், நகத்தால் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து வருகிறது. தமிழை நம்பி வைத்தேன், 6 விசிலுக்குப் பிறகும் பல்லில் நறுக்கென்றது. தவிடு நீக்காத சிவப்பரிசிக்குள் தண்ணீர் இறங்க நேரமாகும், டெல்டாக்காரனான எனக்கே அது தெரிந்திருக்க வேண்டும், சரி. அப்புறம் அம்மா ராத்திரியே ஊறப்போட்டு, பாக்கெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கைக்கணக்கில் தண்ணீர் விட்டார், நன்றாக மலர்ந்து வந்தது. மிச்சச் சோற்று நீராகாரம் சின்ன வெங்காயத்தோடு அருமை, அதற்காகவே மறுபடி வாங்குவேன்.