மாந்தோப்பில் முசுறா, மருந்தா, வேப்பங்கொட்டைச் சாறா?

கொள்ளிடக் கரைப் படுகைத் தோப்புகளில் மா பூக்கும் மார்கழி, தை மாதங்களில் தத்துப்பூச்சிதான் பெரிய தொல்லை. பூங்கொத்தில் சாற்றை உறிஞ்சி, பிசுபிசுப்பான கழிவைச் சொரியும். அதன்மேல் கரும்பூஞ்சாணம் படரும்; பூ கருகிக் கொட்டும். இதை அடக்க மூன்று வழி: இமிடாகுளோபிரிட் என்ற ரசாயன மருந்து, வேப்பங்கொட்டைச் சாறு, இலையைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பான முசுறு.

இமிடாகுளோபிரிட்டின் பலம் வேகம். டப்பாவில் 17.8 எஸ்.எல். என்று போட்ட திரவ மருந்தைப் 10 லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி கலந்து, பூங்கொத்து தலைகாட்டும்போதே அடித்தால் பூச்சி சட்டென்று அடங்கும். பூ விரிந்தபின் அடித்தால் மகரந்தம் சேர்க்கும் தேனீயும் ஈயும் சாகும், காய்ப்பிடிப்பு குறையும். வருஷா வருஷம் அதே மருந்தை அடித்தால் பூச்சிக்கும் அது பழகிவிடும்.

வேப்பங்கொட்டைச் சாறு நிதானமானது. 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டுப் பிழிய வேண்டும். அதை 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சாயங்காலம் அடிக்கலாம். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் பத்து நாளுக்குள் மறுபடி அடிக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த பழைய கொட்டையில் சாறெடுத்து ஏமாறுபவர்கள்தான் அதிகம்.

அடர்ந்த பழைய மரங்களுக்கு எங்கள் தேர்வு முசுறு. சீனாவில் கி.பி. 304 வாக்கிலேயே ஆரஞ்சுத் தோப்புகளுக்காக இதன் கூடுகளைச் சந்தையில் விற்றிருக்கிறார்கள். இலைகளைப் பட்டுநூலால் தைத்துக் கூடு கட்டி, மரம் முழுக்க இரவும் பகலும் ரோந்து சுற்றும். தத்துப்பூச்சி, புழுக்கள், வண்டுகள் எல்லாம் இதற்கு இரை. முசுறு நடமாடிய காயில் பழ ஈ முட்டையிடத் தயங்கும். ஒரத்தநாடு, கந்தர்வகோட்டைச் செம்மண் முந்திரியில் சாறு உறிஞ்சும் பூச்சியான தேயிலைக் கொசுவுக்கும் இது நல்ல காவல். மரத்துக்குள் துளைத்துப் போன தண்டுத்துளைப்பானிடம் மட்டும் பலிக்காது.

குடியேற்ற ஆவணி, புரட்டாசி தோது. பூ வருவதற்குள் கூட்டம் நிலைத்துவிடும். ஒரு கூட்டத்துக்குக் கூடுகள் பல, ராணி பெரும்பாலும் ஒன்றுதான். ராணி வராத கூடுகள் சில மாதத்தில் தேய்ந்து போகும். ஆகவே ஒரு மரத்தின் எல்லாக் கூடுகளையும், உச்சிக் கூடு உட்பட, விடியற்காலையில் கிளையோடு வெட்டிச் சாக்கில் கட்டி, அன்றே புது மரத்தின் கவட்டையில் தொங்கவிடுங்கள். கையில் சாம்பல் பூசிக்கொண்டால் கடி குறையும்.

இரண்டு கூட்டங்களைக் கலப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு மரத்து முசுறைக் குச்சியில் ஏற்றி அடுத்த மரத்தில் விட்டுப் பாருங்கள். சண்டையிட்டால் வேறு கூட்டம், அவை அடித்துக்கொண்டே அழியும். அடிமரத்தில் வேறு எறும்புப் புற்று இருந்தாலும் முசுறு தங்காது, முதலில் அதை அகற்றுங்கள். ஒரே கூட்டத்து மரங்களை நைலான் கயிறு கட்டி இணையுங்கள். முதல் இரண்டு வாரம் சர்க்கரைத் தண்ணீரும் கருவாட்டுத் துண்டும் வைத்தால் ஊன்றிக்கொள்ளும்.

குறையும் உண்டு. இனிப்புக் கழிவுக்காக மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் முசுறே பாதுகாக்கும். கண்டவுடன் அந்தக் கிளையில் மட்டும் மீன் எண்ணெய் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்து அடியுங்கள். தோப்பு முழுக்க இமிடாகுளோபிரிட் அடித்தால் முசுறும் போய்விடும். இரண்டையும் ஒரே தோப்பில் வைத்துக்கொள்ள முடியாது. காய் பறிக்க ஆள் வரத் தயங்குவார்கள், கூலி பேசும்போதே சொல்லிவிடுவது நல்லது. இடைவெளி விட்டு நட்ட இளங்கன்றுகளுக்கு வேப்பங்கொட்டைச் சாறே போதும்.

பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னைக்கு முசுறை நாங்கள் சொல்லமாட்டோம். கடி தாங்காமல் ஏறுகிறவர் கை விட்டால் உயிருக்கே ஆபத்து. அங்கே தலையாய எதிரியான காண்டாமிருக வண்டு குருத்துக்குள் ஒளிந்து குடையும், முசுறை நம்பி இருக்க முடியாது. ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு இரண்டு பங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உச்சியின் உள்வட்ட மட்டை இடுக்குகளில் போடுவதும், எருக்குழியில் அந்த வண்டின் புழுவைப் பொறுக்கி அழிப்பதும்தான் அதற்குச் சரி.