வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை என்று 1,38,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்: வடசென்னை ஆசிரியர்களே, பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேற்று மாலை ஆறு மணிக்கு அந்த ஏஜென்சியின் மாடிப்படியில் இறங்கி வந்தேன். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஆறவிட்டு எழுதினால் பாதியை மறைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நான் இறங்கும்போது இன்னொரு பெண் ஏறிக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மார்போடு அணைத்த சான்றிதழ் கோப்பு, வயது என்னைப்போல் நாற்பத்தைந்துக்கு மேல். டீச்சர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது: “வாருங்கள் அக்கா, பார்த்து ஏறுங்கள், படி செங்குத்து.” ஆறு மாதம் முன்பு என்னையும் அதே வார்த்தை சொல்லித்தான் வரவேற்றார்கள். அவரைக் கூப்பிட்டு நிறுத்துவதற்குள் கதவு சாத்திவிட்டார்கள். கீழே ஜவுளிக்கடை வாசலில் முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன். அவர் வரவில்லை. அந்தச் சகோதரிக்காகத்தான் முதலில் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 47. தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். பாரதி மகளிர் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம், பிறகு பி.எட். கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் 21 ஆண்டுகளாக ஆங்கிலம் நடத்துகிறேன். சம்பளம் 19,500 ரூபாய். மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு. இதற்கு மேல் என் நிலைமையை விளக்கத் தேவையில்லை.

வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் ஏஜென்சி அது. வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். பெயரை இங்கே எழுதவில்லை. புகார் போயிருப்பதால் எழுத வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தார்கள். அரசு முத்திரையைப் பார்த்ததும் உரிமம் என்று நினைத்துக்கொண்டேன். அது வெறும் ஜி.எஸ்.டி. பதிவு என்று நேற்றுத்தான் நின்று படித்தேன்.

நான் எந்த இடத்தில் நம்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும். முதல் நாள் அந்த மேலாளர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளைப் பலகையைக் காட்டி, “அக்கா, எங்களுக்கு ஒரு பாடம் நடத்துங்கள்” என்றார். அவரும் வரவேற்பில் இருந்த பெண்ணும் மாணவர்கள்போல் எதிரில் உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எப்போதும் தடுமாறும் வினைக்கால வேறுபாடு ஒன்றை எடுத்து, காசிமேட்டு மீன் ஏலத்தை உதாரணமாக வைத்துப் பத்து நிமிடம் நடத்தினேன். படகு வந்தது, படகு வந்திருக்கிறது, இரண்டுக்கும் ஆங்கிலத்தில் என்ன வித்தியாசம் என்று. முடித்ததும் அவர் எழுந்து நின்று கைதட்டினார். “உங்களைப் போன்றவர்களைத்தான் அக்கா அங்கே தேடுகிறார்கள்” என்றார். 21 ஆண்டுகளில் எந்தத் தலைமையாசிரியரும் என் வகுப்பில் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டதில்லை. தேர்ச்சி சதவீதம் கேட்பார்கள், அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தை அவர் பார்த்துக்கொண்டார்.

அப்போதும் நான் கேட்காமல் இல்லை. இரண்டு கேள்வியையும் நேராகவே கேட்டேன். “தம்பி, எனக்கு 47 வயது. எடுப்பார்களா?” “ஆசிரியருக்கு வயது ஏற ஏறத்தான் அக்கா மதிப்பு.” “வெள்ளைக்காரர்களைத்தான் எடுப்பார்கள், நம்மைப்போல் கறுப்பாக இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்கிறார்களே?” “அதெல்லாம் பத்து வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது தகுதி மட்டும்தான்.” இந்த இரண்டு பதிலையும் மறந்துவிடாதீர்கள்.

முதலில் கொரியா என்றார்கள். தனியார் பயிற்சி மையத்தில் வேலை, மாதம் ஒன்றரை லட்சம். பதிவுக் கட்டணம் 25,000. 120 மணி நேர ஆங்கிலப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம் என்று 18,000. கேம்பிரிட்ஜ் நடத்தும் செல்டா என்ற பயிற்சியும் 120 மணி நேரம்தான். ஆனால் அதில் உண்மையான மாணவர்கள் முன்னால் ஆறு மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், பயிற்றுநர்கள் உட்கார்ந்து மதிப்பிடுவார்கள். எனக்கு இவர்கள் விற்றதோ கணினியில் வீடியோ பார்த்துச் சரியான விடையைத் தட்டுவது. இரண்டு வாரத்தில் முடிந்தது. பிறகு ஆவணச் செலவு என்று 55,000. அதற்காகச் சங்கிலியை அடகு வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, “கொரியாவில் தாமதம், தாய்லாந்துக்கு மாற்றிவிடுகிறேன்” என்றார். அதற்கு மேலும் 40,000. மொத்தம் 1,38,000 ரூபாய்.

கொரியாவில் தாமதம் எதுவும் இல்லை. அங்கே பயிற்சி மையங்களில் ஆங்கிலம் நடத்துவதற்கான ஈ-2 விசா ஏழே நாட்டுக் கடவுச்சீட்டுக்குத்தான் கிடைக்கும்: அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தின்படி நம்மவர்கள் அரசுப் பள்ளிகளில் உதவி ஆசிரியராகப் போக ஒரு வழி உண்டு. தனியார் பயிற்சி மையத்துக்குப் போக முடியாது. வியட்நாமில் பாடம் நடத்தும் என் பழைய மாணவன் ஒருவன் இதை ஐந்து நிமிடத்தில் விளக்கினான். கொரியத் துணைத் தூதரகம் சென்னையிலேயே இருக்கிறது. ஆள் அனுப்புவதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாதா? என்னிடம் முதல் ரூபாய் வாங்கிய நாளே தெரியும்.

அடுத்தது புகைப்படம். பள்ளிக்கு அனுப்புவதற்குப் படம் வேண்டும், அவர்கள் சொல்லும் ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். எடுக்கும் முன் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளச் சொன்னார்கள். பூசினேன். படம் கைக்கு வந்தபோது அதில் இருந்தது என் முகம் இல்லை. நிறத்தை வெளுத்து, கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை அழித்து, கன்னத்தை இழுத்து, யாரோ ஒரு முப்பது வயதுப் பெண்ணை உண்டாக்கியிருந்தார்கள். “இது நான் இல்லையே” என்றேன். “எல்லோரும் இப்படித்தான் மேடம் அனுப்புகிறார்கள்” என்றார் மேலாளர். ‘அக்கா’ போய் ‘மேடம்’ வந்தது அன்றுதான். சுயவிவரத்தில் என் 21 ஆண்டு அனுபவத்தை 8 ஆண்டாகக் குறைத்து எழுதியிருந்தார்கள். எந்த ஊரில் அனுபவத்தைக் குறைத்துக் காட்டி வேலை கேட்பார்கள்? கூட்டினால் வயது தெரிந்துவிடுமாம்.

வீடியோ நேர்காணல் நான்கு நிமிடம் நடந்தது. தாய்லாந்துப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே குனிந்து எதையோ பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அந்தப் படத்தோடு ஒப்பிடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. எழுந்து நிற்கச் சொன்னார். பிறந்த ஆண்டைக் கேட்டார். பாடம் பற்றி, பிள்ளைகள் பற்றி ஒரு கேள்வி இல்லை. நன்றி சொல்லித் துண்டித்துவிட்டார்.

என் ஆங்கில ஆசிரியையை நினைத்துக்கொண்டேன். பெரம்பூர் ரயில்வே குடும்பத்தைச் சேர்ந்த ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி. வீட்டில் பேசியதே ஆங்கிலம், அதுதான் அவருக்குத் தாய்மொழி. என்னைவிடக் கறுப்பு. என் வாயில் இன்று இருக்கும் ஒவ்வொரு உச்சரிப்பும் அவர் திருத்திக் கொடுத்தது. அந்தக் கேமரா முன்னால் அவரே உட்கார்ந்திருந்தாலும் அந்த நான்கு நிமிடம்தான் கிடைத்திருக்கும்.

அந்த நாடுகளில் பெற்றோர் கட்டும் கட்டணத்துக்கு ஒரு வெள்ளை முகத்தைக் காட்ட வேண்டும் என்று பள்ளிகள் நினைக்கின்றன. வேலை விளம்பரத்திலேயே வயதும் தேசமும் போட்டுவிடுகிறார்கள், விண்ணப்பத்தோடு படம் கேட்கிறார்கள். அது அநியாயம். இங்கே மட்டும் என்ன? ‘இளம் ஆசிரியைகள் தேவை, நல்ல தோற்றம் அவசியம்’ என்ற விளம்பரத்தை நம் பேட்டைகளிலும் பார்த்திருக்கிறேன். அந்த அநியாயத்தை ஏஜென்சி உண்டாக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு மறைத்தது, மறைத்து என்னிடம் 1,38,000 ரூபாய் வாங்கியது, அது அவர்களே செய்த குற்றம்.

தெரிந்தே செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் நேற்றுக் கிடைத்தது. அசல் சான்றிதழ்களையாவது கொடுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். வரவேற்பில் இருந்த பெண் கோப்பை அப்படியே எடுத்து நீட்டினாள். உள்ளே என் பி.எட். சான்றிதழுக்குப் பின்னால் ஒரு தாள். அந்தத் தாய்லாந்துப் பள்ளி அனுப்பிய தேவைப் பட்டியல். வயது 22 முதல் 35 வரை. வெள்ளையருக்கு முன்னுரிமை. முழு உருவப் படம் கட்டாயம். தாளில் இருந்த தேதி, நான் அந்த 40,000 ரூபாயைக் கட்டியதற்கு மூன்று வாரம் முந்தையது. என்னை எடுக்க மாட்டார்கள் என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் பணம் எண்ணி வாங்கியிருக்கிறார்கள்.

நேர்காணலுக்குப் பிறகு நடந்த அலைக்கழிப்பையும் சொல்கிறேன். முதல் வாரம், “முடிவு வரவில்லை மேடம்.” இரண்டாம் வாரம், “அங்கே பள்ளி விடுமுறை.” மூன்றாம் வாரம் தொலைபேசியை எடுக்கவில்லை. நேரில் போனால் மேலாளர் வெளியூர். ஆனால் அவர் வண்டி கீழே நிற்கிறது. ஒரு நாள் பிடித்துவிட்டேன். “சுற்றுலாப் பயணியாகப் போய் இறங்குங்கள், வேலையை அங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்றார். 2022-இல் தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப்போய் மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். “அப்படியானால் நீங்களாக விலகுகிறீர்கள், பணம் திரும்பாது” என்றார்.

நேற்று அந்தத் தாளைக் காட்டியபோது குரலே மாறிவிட்டது. “இந்த வயதில் உங்களுக்கு எதற்கம்மா வெளிநாடு? கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே.” வரவேற்புப் பெண் தலை குனிந்துகொண்டாள். என் பாடத்துக்குக் கைதட்டிய அதே ஆள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபின் 1,38,000 ரூபாய்கூடச் சிறிதாகத் தெரிந்தது. ஆனால் வட்டி மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கிறது, அது சிறிதில்லை.

எல்லாவற்றையும் விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். இவர்கள் பெயர் அதில் இல்லை. பதிவு பெற்றவர்களே வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பள்ளியின் தேவைப் பட்டியலைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உங்கள் முகத்தை மாற்றிய படத்தை அனுப்பச் சம்மதிக்காதீர்கள். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். அந்தத் தாளின் நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என்னிடம் வாங்கிய 1,38,000 ரூபாயில் 80,000-க்குத்தான் ரசீது கொடுத்தார்கள், மீதியை ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். இதே மாடியில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால், ரசீது இருந்தாலும் இல்லாவிட்டாலும், எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி காவல் நிலையம் போகிறேன். தனியாகப் போவதைவிட நான்கு பேராகப் போனால் உட்காரவைத்துக் கேட்பார்கள்.