இனிஷியலில் மாட்டிய டிஸ்சார்ஜ்: துபாய் இன்ஷூரன்ஸ், சென்னையில் பித்தப்பை ஆபரேஷன்

காலை ரவுண்ட்ஸில் சர்ஜன் வந்து தையலைப் பார்த்தார், "இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்றார். சரியான டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் போன நேரம் முழுவதும் ஒரு இனிஷியலுக்காகப் போனது. சென்னையில் பணத்தை நாமே கட்டிவிட்டு, பிறகு துபாய் இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் போட்டு வாங்க வேண்டும்; அதற்கு எல்லாத் தாளிலும் பெயர் பொருந்த வேண்டும்.

துபாயில் ஆஸ்பத்திரிக்குப் போனால் எமிரேட்ஸ் ஐடியை ரீடரில் வைப்பார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் இன்ஷூரன்ஸ் விவரமும் திரையில் வந்துவிடும். அங்கே பெயரை வாயால் சொல்கிற வேலையே இல்லை. சென்னையில் அந்தப் பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் ரிஜிஸ்ட்ரேஷன் கவுண்டரில் முதல் கேள்வியே, "பேர் சொல்லுங்க சார், இனிஷியல் என்ன?" காதுக்கு இதமான கேள்விதான். பள்ளிக்கூட வருகைப்பதிவு முதல் ரேஷன் கார்டு வரை நம்மைக் கூப்பிட்ட விதம் அது. ஆனால் க்ளெய்மைக் கவிழ்ப்பதும் அதே கேள்விதான்.

பாஸ்போர்ட்டில் கிவன் நேம் செந்தில்குமார், சர்நேம் ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். இன்ஷூரன்ஸ் கார்டிலும் அப்படியே இருக்கும். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் அவர் 'ஆர். செந்தில் குமார்' ஆகிவிடுவார். வெளியே எடுத்த ஸ்கேனில் 'செந்தில் ஆர்'. பல வருடம் முன்பு அதே ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் காட்டியிருந்தால், அண்ணன் போன் நம்பரில் ஒரு பழைய யுஎச்ஐடி (ஆஸ்பத்திரி நோயாளிக்குத் தரும் பதிவு எண்) இருக்கும். கவுண்டரில் இருப்பவர் அதையே திறந்து அட்மிஷன் போட்டுவிடுவார். பார்க்கிற நமக்கு எல்லாம் ஒரே ஆள். துபாயில் க்ளெய்மைப் பார்க்கிற ஆளுக்கு இவர்கள் மூன்று பேர். பெயர் பொருந்தவில்லை என்று ஃபைல் திரும்பி வரும்.

நம் ஆட்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று 2022 நவம்பரில் யு.ஏ.இ. அறிவித்தபோது, அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்க்க எத்தனை பேர் அலைந்தார்கள்! பாஸ்போர்ட் மாறியது. ஊரில் இருக்கும் ஆஸ்பத்திரிப் பதிவு பழைய இனிஷியலோடுதான் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் அன்று திருத்தக் கேட்டால் பில்லிங்கில் முடியாது, மெடிக்கல் ரெக்கார்ட்ஸுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே ஒரு வேண்டுகோள் கடிதம், பாஸ்போர்ட் நகல், டியூட்டி டாக்டர் கையெழுத்து. டியூட்டி டாக்டர் தியேட்டரில் இருப்பார். பெயர் மாறியதும் சம்மரியை மறுபடி டைப் செய்து, சர்ஜன் பார்த்து, சீல் போட வேண்டும். அதற்குள் ஏற்கெனவே அச்சான ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் பழைய பெயரிலேயே நிற்கும். ஒவ்வொன்றையும் லேபில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ரெக்கார்ட்ஸில் இருந்த பெரியவர் ஒருவர் நல்ல வழி சொன்னார்: எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், "இந்த இரண்டு பெயர்களும் ஒரே நோயாளியுடையவை" என்று பாஸ்போர்ட் எண்ணும் யுஎச்ஐடியும் போட்டு லெட்டர்ஹெட்டில் ஒரு சான்று வாங்கிக்கொள்ளலாம் என்றார். அந்த ஒரு தாள் போதும். அதைக் கேட்டு வாங்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

இதையெல்லாம் தவிர்க்க, அட்மிஷனுக்கு முன்பே பாஸ்போர்ட்டைக் கவுண்டரில் வைத்து, "இதுல இருக்கிற மாதிரியே அடிங்க, இனிஷியல் வேண்டாம்" என்று சொல்லி, கையில் கட்டும் பட்டையில் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். பட்டையில் இருப்பதுதான் எல்லாத் தாளிலும் வரும்.

அடுத்தது பேக்கேஜ் பில். லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுப்பதற்கு அறை, தியேட்டர், சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், மருந்து எல்லாம் சேர்த்து ஒரே தொகை சொல்வார்கள். துபாய்ச் செலவோடு ஒப்பிட்டால் மனசுக்கு நிம்மதியான தொகைதான். ஆனால் ஃபைனல் பில்லில் அது ஒரே வரியாக வரும். இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு ஒற்றை வரி செல்லாது. ஒவ்வொரு இனமாகப் பிரித்து வேண்டும். பில்லை முடித்த பிறகு கேட்டால் "சிஸ்டத்துல பிரிக்க வராது" என்பார்கள். முதல் நாளே, இன்டரிம் பில் (இடைக்கால பில்) வரும்போதே, 'பிரேக்-அப் வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அறை வாடகை நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போனால் 5% ஜிஎஸ்டி தனியாக வரும் (ஐசியூவுக்கு இல்லை). 2022 ஜூலை 18 முதல் இந்த நடைமுறை. ஸ்டென்ட், மூட்டு மாற்று என்று போகிறவர்கள் பெட்டியில் வரும் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனி பெயர், பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது. 2017-இல் விலை வரம்பு வந்தபோதே இவற்றைப் பில்லில் தனியாகக் காட்டச் சொல்லிவிட்டார்கள்.

பணம் கட்டுவதில் பழைய பழக்கம் உதவாது. மச்சான் ஜிபேயில் தட்டிவிடுவார், அப்புறம் கணக்குப் பார்த்துக்கொள்வோம் என்று நினைக்கக் கூடாது. ரசீதில் வேறு பெயர் வந்தால் அதற்கும் விளக்கம் எழுத வேண்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க ஆஸ்பத்திரிக்கு வருமான வரிச் சட்டம் இடம் கொடுக்காது. உங்கள் பெயரிலுள்ள என்ஆர்இ கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) கார்டில் கட்டுவதே சுத்தம். கார்டு மெஷின் தருகிற சீட்டு வெயிலும் கை வியர்வையும் பட்டால் வெளுத்துவிடும். அங்கேயே ஜெராக்ஸ் எடுத்து, இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

சம்மரியில் இன்னொரு ஆபத்து உண்டு. அட்மிஷன் நேரத்தில் பயிற்சி டாக்டர் வந்து "எவ்வளவு நாளா வலி?" என்பார். பக்கத்தில் இருக்கும் பெரியம்மா "அது ரெண்டு வருஷமாவே இருக்கு தம்பி" என்று வாயுத் தொல்லையையும் சேர்த்துச் சொல்வார். அது அப்படியே சம்மரியில் ஏறும். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயை மறைத்ததாக இன்ஷூரன்ஸ் கேட்கும். உண்மையான தேதியை, முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி நோயாளியே சொல்ல வேண்டும். டைப் செய்த நகலைக் கையெழுத்துக்கு முன் ஒருமுறை படிக்கத் தருவார்கள்; கேட்டால்தான் தருவார்கள்.

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் கிளம்பும் முன்பே முன் அனுமதி வாங்குங்கள். துபாய்ப் பாலிசிகள் பலவற்றில் எல்லை 'யு.ஏ.இ., இந்தியத் துணைக்கண்டம், தென்கிழக்கு ஆசியா' என்று இருக்கும். அதைப் பார்த்ததும் எல்லாம் கிடைக்கும் என்று தோன்றும். சில பாலிசிகளில் யு.ஏ.இ.க்கு வெளியே அவசரச் சிகிச்சை மட்டுமே. இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரியில் நாமே கட்டி வாங்கினால் 80% மட்டும் தருவதும் உண்டு. அனுமதி கேட்க எஸ்டிமேட் கடிதத்தில் நோய்க்கான ஐசிடி-10 எண் வேண்டும். பித்தப்பைக் கல்லுக்கு கே80 வரிசை. ஆபரேஷனுக்கான சிபிடி எண் 47562. நம் ஊர் டாக்டர்கள் இவற்றை எழுதிப் பழக்கமில்லை. நாமே குறித்துக்கொண்டு போனால் மறுக்காமல் எழுதித் தருகிறார்கள். டாக்டரின் பதிவு எண்ணும் சீலும் கூடவே இருக்கட்டும்.

இந்திய இன்ஷூரன்ஸ் வைத்திருக்கும் பக்கத்து அறைக்காரரைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்திய இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்து மூன்று மணி நேரத்துக்குள் கேஷ்லெஸ் (இன்ஷூரன்ஸே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் முறை) இறுதி ஒப்புதல் தரவேண்டும். வெளிநாட்டு இன்ஷூரன்ஸ்காரர்களை அது கட்டுப்படுத்தாது. நாம் கவுண்டரில் நிற்கும் சாதாரண 'கேஷ் பேஷன்ட்'. நம்மை அவசரமாக அனுப்ப அங்கே யாருக்கும் காரணம் இல்லை. இத்தனைக்கும் வார்டு நர்ஸ்கள் பார்த்துக்கொண்ட விதத்துக்குத் துபாயில் ஈடு கிடையாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கஞ்சி குடித்தாரா என்று கேட்டு, துணைக்கு இருந்தவருக்கும் தலையணை தேடித் தந்தார்கள். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தாளுக்கு இப்படி நிற்க வைப்பதுதான் ஆத்திரம்.

கடைசியாகப் பயாப்ஸி. எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ரிப்போர்ட் பெரும்பாலும் வீட்டுக்கு வந்து சில நாள் கழித்தே வரும், சில சமயம் நீங்கள் விமானம் ஏறிய பிறகு. அதுவும் க்ளெய்மில் கேட்கப்படும். ஊரில் இருக்கும் ஒருவர் பெயரில் அங்கீகாரக் கடிதமும் பாஸ்போர்ட் நகலும் ரெக்கார்ட்ஸில் கொடுத்துவிட்டு வாருங்கள். க்ளெய்ம் போடும் கெடு பாலிசிக்குப் பாலிசி மாறும். ரிப்போர்ட் வரவில்லையே என்று காத்திருந்து கெடுவைத் தாண்டவிட வேண்டாம். மற்றதை அனுப்பி, 'பயாப்ஸி பின்னால் வரும்' என்று குறிப்பு எழுதினால் ஃபைலைத் திறந்து வைத்து, அதை மட்டும் பிறகு கேட்பார்கள்.