அண்ணன் போட்ட மனு நிலுவையில், டூரிஸ்ட் விசாவுக்கு ஏஜென்ட் தட்டும் ‘இல்லை’: எச்சரிக்கை

அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, தம்பி குடும்பத்துக்குக் கிரீன் கார்டு கேட்டு ஐ-130 என்ற உறவினர் மனு போட்டிருப்பார். வரிசை லேசில் நகராது. உடன்பிறந்தோருக்கான எஃப்4 பிரிவில் இந்தியர்களுக்கு 2025-இல் முறை வந்ததே 2006-இல் மனு போட்டவர்களுக்குத்தான். இடையில் அண்ணன் மகள் கல்யாணம் வரும். போய்வர பி1/பி2 டூரிஸ்ட் விசா வேண்டும் என்று ஏஜென்டிடம் போவார்கள். பணத்தையும் வாங்கிக்கொண்டு அந்தக் குடும்பத்தின் கிரீன் கார்டுக்கே உலை வைத்து அனுப்புகிறார்கள் சில ஏஜென்டுகள்.

டூரிஸ்ட் விசாவுக்கான ஆன்லைன் விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தை ஏஜென்டே தன் கணினியில் நிரப்புவார். உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு தாக்கல் செய்திருக்கிறார்களா என்று அதில் நேரடியாகவே ஒரு கேள்வி உண்டு. “ஆமான்னு போட்டா ரிஜெக்ட் ஆயிடும் சார், நான் பாத்துக்கறேன்” என்று ‘இல்லை’யைத் தட்டுவார். அமெரிக்காவில் உடன்பிறந்தவர் இருக்கிறாரா என்பதற்கும் ‘இல்லை’. படிவம் நிரப்ப யாராவது உதவினார்களா என்ற கடைசிப் பக்கக் கேள்விக்கும் ‘இல்லை’. தன் பெயர் எங்கும் வரக்கூடாதே! மூன்று பொய், மூன்றுக்கும் கீழே உங்கள் மின்கையொப்பம். உங்கள் கையில் தருவது பார்கோடு உள்ள உறுதிப்படுத்தல் பக்கம் மட்டும். அதில் இந்தப் பதில்கள் எதுவும் இருக்காது.

ஐ-130 மனு போயிருப்பதும் அமெரிக்க அரசிடம்தான். உங்கள் பெயர், பிறந்த தேதி, மனைவி, பிள்ளைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. விசா நேர்காணல் கவுன்டரில் அதிகாரி அதைத் திரையில் பார்த்துவிட்டே கேட்கலாம். அன்று தப்பினாலும், பல வருஷம் கழித்து கிரீன் கார்டு நேர்காணலில் பழைய டிஎஸ்-160-ஐ எடுத்துப் பார்ப்பார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னதாக முடிவானால் குடியேற்றச் சட்டத்தின் 212(ஏ)(6)(சி) பாயும். அந்தத் தடை ஆயுள் முழுவதற்கும். விலக்கு கேட்க வேண்டுமானால், அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்கும் கணவன், மனைவி அல்லது பெற்றோருக்குக் கடுமையான துன்பம் நேரும் என்று நிரூபிக்க வேண்டும். மனு போட்ட அண்ணன் அந்தக் கணக்கில் வரமாட்டார். இதை எந்த ஏஜென்டும் சொல்வதில்லை.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? மனு நிலுவையில் இருப்பதாலேயே டூரிஸ்ட் விசா மறுக்கப்பட வேண்டும் என்று சட்டம் இல்லை. கையில் ஏற்கெனவே பத்து வருஷ விசா இருந்தால், மனு போட்டதால் அது ரத்தாகாது. புதிதாகக் கேட்கும்போது, திரும்பி வருவீர்கள் என்று அதிகாரியை நம்பவைக்கும் பொறுப்பு உங்களுடையது. அதே குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு சொல்வது அதைத்தான். வேலை, தொழில், ஊரில் இருக்கும் குடும்பம் இவையே பேசும். எஃப்4-இல் ஒரு சாதகமும் இருக்கிறது: முறை வர இன்னும் பல வருஷம் என்பதால், கல்யாணத்துக்குப் போய் மூன்று வாரத்தில் திரும்புவேன் என்பது நம்பக்கூடியது. அமெரிக்கக் குடிமகன் மனைவிக்கு மனு போட்டிருந்தால் நிலைமை கடினம், அவர் சீக்கிரமே அங்கு குடியேறப் போகிறவர். 214(பி)-யில் மறுத்தாலும் போவது கட்டணமான 185 டாலர். மறுபடி விண்ணப்பிக்கலாம், மனுவுக்குச் சேதம் இல்லை.

படிவத்தில் மனு பற்றிய கேள்விக்கு ‘ஆமாம்’ என்று போட்டால் விளக்கம் கேட்டு ஒரு பெட்டி திறக்கும். யார் போட்டது, எந்த வருஷம், எந்தப் பிரிவு, இன்னும் முறை வரவில்லை: இரண்டு வரி போதும்.

“டூரிஸ்ட்ல போங்க, அங்கேயே கிரீன் கார்டா மாத்திக்கலாம்” என்பது இன்னொரு ஏமாற்று. எஃப்4-இல் முறை வராமல், அங்கிருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 விண்ணப்பத்தைப் போடவே முடியாது. அமெரிக்காவில் நுழையும்போது பதியும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் கொடுத்த தேதியைத் தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று வருஷத் தடை, ஒரு வருஷமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருஷம். விசா பத்து வருஷத்துக்கு இருக்கிறதே என்று பலர் ஏமாறுவது இங்கேதான். தங்கும் கெடு ஐ-94-இல் உள்ளது, விசா ஸ்டிக்கரில் அல்ல.

அமெரிக்க விமான நிலையத்தில் எல்லை அதிகாரி கேட்டாலும் அதே உண்மையான பதில்தான். பெட்டியில் அசல் டிகிரி சான்றிதழ், வேலைக்கான பயோடேட்டா, பிள்ளையின் பள்ளி டி.சி. இருந்தால் கல்யாணத்துக்கு வந்தேன் என்பது நிற்காது. போனையும் பார்க்கலாம். அங்கிருந்தே திருப்பி அனுப்பும் உத்தரவு வந்தால் ஐந்து வருஷத் தடை.

ஏஜென்ட் ஏற்கெனவே தவறாக நிரப்பி அனுப்பிவிட்டாரா? நேர்காணலுக்கு முன் புதிய டிஎஸ்-160 சரியாக நிரப்பி, அதன் எண்ணை அப்பாயின்ட்மென்ட் கணக்கில் மாற்றுங்கள். கவுன்டரில் அதிகாரி கேட்கும் முன்பே, பழைய படிவத்தில் தவறு இருந்தது, திருத்தியிருக்கிறேன் என்று சொல்லுங்கள். பிடிபட்ட பிறகு திருத்துவது கணக்கில் வராது.

ஏஜென்டிடமிருந்து விண்ணப்ப எண், பாதுகாப்புக் கேள்வியின் பதில், முழுப் படிவத்தின் பிரின்ட் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணும் பதிலும் இருந்தால்தான் படிவத்தை நீங்களே திறந்து பார்க்க முடியும். தர மறுப்பவரிடம் பாஸ்போர்ட்டை விட்டுவைக்காதீர்கள். பொய் சொன்னதாக 212(ஏ)(6)(சி)-யில் முடிவாகி மறுப்புச் சீட்டு வந்துவிட்டால், அதே ஏஜென்டிடம் திரும்பப் போகாமல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞரிடம் போங்கள். அவர் பெயர் அவர் உரிமம் பெற்ற மாநிலத்தின் வழக்கறிஞர் அமைப்பான ‘பார்’ இணையதளத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.